ஒரு பேட்டரிக்கு 45 நிமிடம்: டெல்டா ஆம்புலன்ஸில் லூகாஸ் 3 மெஷின்

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டால் பின்னால் நோயாளியோடு இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். பைலட் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் இஎம்டி (ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர்) தனியாளாக நெஞ்சை அமுக்க வேண்டும், மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிழிய வேண்டும், ஊசி போட வேண்டும், போனில் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் கதிர் அறுத்த நாளில் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். மீதிப் பாதியில் வண்டி ஒடித்து ஒடித்துப் போகும்போது, நின்றுகொண்டு ஒற்றை ஆளாக நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்குவது யாராலும் முடியாத வேலை. திடமான ஆளுக்கே இரண்டு நிமிடத்தில் ஆழம் குறைந்துவிடும்; அமுக்குபவருக்கு அது தெரியவும் செய்யாது. லூகாஸ் 3 என்ற மார்பு அமுக்கும் மெஷினை டெல்டாவின் தனியார் ஆம்புலன்ஸ்களும் நர்சிங் ஹோம்களும் விசாரிப்பதற்குக் காரணம் இதுதான்.

லூகாஸ் என்ற பெயர் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முதலில் வந்தவை அழுத்தக் காற்றில் ஓடின. இப்போதையது பேட்டரியில் ஓடுகிறது. எடை 8 கிலோ. முதுகுக்கு அடியில் ஒரு தட்டு, மேலே வளைவான கால்கள், நடுவில் இறங்கி ஏறும் பிஸ்டன், அதன் முனையில் ரப்பர் கிண்ணம். நிமிடத்துக்கு 102 முறை, 5.3 செ.மீ. ஆழம். நிரம்பிய பேட்டரி சுமார் 45 நிமிடம் ஓடும். விலை பல லட்ச ரூபாய். கிண்ணம் ஒரு ஆளுக்கு ஒன்று. கழுவித் திரும்பப் போடக் கூடாது.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கையால் நன்றாக அமுக்கினால் பிழைப்பவர்களைவிட இந்த மெஷினால் அதிகம் பேர் பிழைப்பதாகப் பெரிய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. 2014-இல் வந்த லிங்க் ஆய்வில் 2,589 பேர். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மெஷின் பக்கம் 23.6 சதவீதம், கைப் பக்கம் 23.7 சதவீதம். 2015-இல் பிரிட்டனின் பாராமெடிக் ஆய்வில் 4,471 பேர். முப்பது நாளில் மெஷின் பக்கம் 6 சதவீதம், கைப் பக்கம் 7 சதவீதம். அதனால்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஓடும் வண்டி, ஆள் பற்றாக்குறை, நீண்ட நேரம் அமுக்க வேண்டிய நிலை, இப்படிக் கையால் தரமாகச் செய்ய முடியாத இடத்துக்கு மட்டும் சரி என்கின்றன. டெல்டாவின் ஆம்புலன்ஸ் அந்த இடங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை.

மெஷின் கெடுக்கக்கூடிய முதல் விஷயம், அதை மாட்டும் நேரம். கும்பகோணம் சந்துகளில் பழைய ஓட்டு வீடு. ரேழியில் விழுந்து கிடக்கிறார். இரண்டு பேர் பக்கத்தில் உட்காரவே இடம் போதாது. பயிற்சி இல்லாதவர்கள் பையைத் திறந்து, தட்டையும் மேல்பாகத்தையும் ஒரே மூச்சில் மாட்டப் பார்ப்பார்கள். அரை நிமிடத்துக்கு மேல் நெஞ்சில் ஒரு கையும் இருக்காது. அந்த இடைவெளியில் மூளைக்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுபோகும். திரும்ப அமுக்கத் தொடங்கினாலும் பழைய அழுத்தம் வரப் பல அமுக்கு ஆகும்.

சரியான முறை இரண்டு தவணையாக மாட்டுவது. கையால் அமுக்கிக்கொண்டே இருங்கள். இரண்டாவது நிமிடத்தில் ரிதம் (இதயத்தின் மின்துடிப்பு) பார்க்க நிறுத்தும்போது தோளைத் தூக்கி, அக்குளுக்குச் சற்றுக் கீழே வரும்படி தட்டைச் செருகுங்கள். பத்து விநாடிக்குள் கை மறுபடி நெஞ்சில் இருக்க வேண்டும். ஏஇடியின் (இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் கருவி) பேட்களையும் இதற்குள் ஒட்டிவிடுங்கள். பேட்டும் அதன் வயரும் கிண்ணத்துக்கு அடியில் வரக் கூடாது. அடுத்த நிறுத்தத்தில் மேல்பாகம்: உங்கள் பக்கத்துக் காலை முதலில் தட்டில் மாட்டி, எதிர்ப்பக்கத்தை வளைத்து இறக்குங்கள். 'கிளிக்' சத்தம் கேட்டதும் ஒருமுறை மேலே இழுத்துப் பார்ப்பது கட்டாயம். பிறகு இரண்டு விரலால் கிண்ணத்தை, அதன் நடுவிலுள்ள திண்டு தோலைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். கிண்ணத்தின் கீழ் விளிம்பு நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நிறுத்து பட்டனை அழுத்தினால் அந்த உயரம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஓட்டு பட்டன். மெஷின் நகராமல் பிடிக்கும் கழுத்துப் பட்டையை அப்போதே மாட்டிவிடுங்கள், பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம்.

கழுத்துப் பட்டையை விட்டால் நடப்பது இது. ஒவ்வொரு வேகத்தடையிலும் கிண்ணம் நூலளவு கீழே நகரும். பத்து வேகத்தடை தாண்டினால் நெஞ்செலும்பை விட்டு மேல்வயிற்றில் குத்திக்கொண்டிருக்கும், அடிபடுவது கல்லீரல். மாட்டியவுடனே கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் தோலில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். வட்டத்துக்கும் கிண்ணத்துக்கும் இடைவெளி தெரிந்தால் நகர்ந்துவிட்டது என்று பொருள். ஐந்து ரூபாய்ப் பேனா இது. லட்ச ரூபாய் மெஷினின் பையில் எப்போதும் இருக்கட்டும்.

நடவு வயலிலிருந்து தூக்கி வருபவரின் நெஞ்சில் சேறு, வியர்வை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவரென்றால் எண்ணெய். கிண்ணம் வழுக்கும், பேட் ஒட்டாது. உலர்ந்த துண்டு ஒன்று பையின் மேலேயே இருக்க வேண்டும். துணியைத் தேடும் நேரத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இன்னொன்று, மெலிந்த உடம்பு. முதுகிலிருந்து நெஞ்சுவரை உயரம் 17 செ.மீ.க்குக் குறைவானவர்களுக்கு இந்த மெஷின் பொருந்தாது. பீப் அடித்து மறுத்துவிடும். நம் ஊரின் ஒல்லியான வயதானவர்களில் இப்படிப்பட்டவர் வருவார். 30.3 செ.மீ.க்கு மேல் போனால் பூட்டாது. குழந்தைகளுக்கு அறவே இல்லை. மெஷின் மறுத்தவுடன் ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் தொடருங்கள்.

மூச்சு கொடுப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மெஷினில் இரண்டு முறைகள் உண்டு: 30 அமுக்குக்குப் பின் சிறிது நின்று இரண்டு மூச்சுக்கு இடம் கொடுப்பது ஒன்று, நிற்காமல் ஓடுவது மற்றொன்று. வெறும் மாஸ்க்கும் ஆம்பு பேக்கும்தான் இருக்கிறது என்றால் முதல் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். நிற்காமல் அமுக்கும்போது மாஸ்க் வழியே காற்று தள்ளினால் அது வயிற்றுக்குத்தான் போகும். வயிறு உப்பி, வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். தொண்டையில் குழாய் போட்ட பிறகு நிற்காத முறைக்கு மாறலாம். அப்போது ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்குப் பத்து. பதற்றத்தில் முப்பது முறை பிழிவது எல்லோரும் செய்யும் பிழை. அது நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிடும்.

எல்லாம் சரியாக மாட்டியாயிற்று. எவ்வளவு நேரம் ஓட்டுவது?

மெஷின் இதற்குப் பதில் சொல்லாது. நேரம் காட்டும் திரைகூட அதன் முகப்பில் இல்லை; பேட்டரி அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் மட்டும்தான். கையால் அமுக்கும்போது உடம்பின் களைப்பே ஒரு கடிகாரமாக இருந்தது. மெஷின் களைப்பதில்லை. ஆகவே நேரத்தை மனிதர்தான் எழுத வேண்டும். மூன்று நேரங்கள்: ஆள் விழுந்தது, முதல் கை நெஞ்சில் வைத்தது, முதல் ஷாக். வெள்ளை பிளாஸ்டரில் எழுதி மெஷினின் காலிலேயே ஒட்டிவிடுங்கள். விழுந்ததற்கும் கை வைத்ததற்கும் நடுவே போன நிமிடங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானவை. யாரும் நெஞ்சைத் தொடாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இருபது நிமிடம் சும்மா கிடந்தவருக்கு மெஷினை மாட்டுவதும், விழுந்த நொடியில் மகன் அமுக்கத் தொடங்கியவருக்கு மாட்டுவதும் ஒரே விஷயம் அல்ல.

வட அமெரிக்காவில் 11,368 பேரை வைத்து 2016-இல் வந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல நிலையில் பிழைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு 20 நிமிடத்துக்குள்ளும், 99 சதவீதம் பேருக்கு 37 நிமிடத்துக்குள்ளும் நாடி திரும்பியிருக்கிறது. இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலருக்கு அமுக்குவதை நிறுத்தியதால்தான் அதற்குப் பின் யாரும் பிழைக்கவில்லை என்பதும் அந்தக் கணக்குக்குள் கலந்திருக்கிறது. ஆனாலும் கைக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பேட்டரி 45 நிமிடம். அந்த 37 நிமிடம் அதற்குள் அடங்கிவிடுகிறது. முதல் பேட்டரியை யாருக்கும் தயங்காமல் கொடுங்கள். இரண்டாவது பேட்டரிக்குக் கை போகும்போது மட்டும், ஏன் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும்.

சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. மானிட்டரில் விஎஃப் (இதயம் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கும் நிலை) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஷாக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நிறுத்தக் கூடாது. அந்த இதயத்தில் இன்னும் மின்சாரம் இருக்கிறது. கேத்லேப் (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறக்கும் பிரிவு) இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆள் இவர்தான். மெஷின் ஓடும்போது கண் திறக்கிறார், கையை இழுக்கிறார் என்றாலும் தொடருங்கள். இது நாடி திரும்பியதன் அடையாளம் இல்லை. அமுக்கில் போகும் ரத்தமே மூளையை எழுப்பியிருக்கிறது. கை அசைந்ததும் மெஷினை அணைத்தால் மறுபடி விழுந்துவிடுவார். நுரையீரலில் ரத்தக்கட்டி என்ற சந்தேகத்தில் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்திருந்தால் அது வேலை செய்ய 60 முதல் 90 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும்.

தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க உதவும் கருவி கேப்னோகிராஃபி. மூச்சுக்குழாயில் மாட்டினால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் காட்டும். குழாய் போட்டு 20 நிமிடம் நன்றாக அமுக்கியும் அளவு 10 mmHg-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் பிழைப்பது மிக மிக அரிது. திடீரென்று 35, 40 என்று துள்ளினால் நாடியைத் தொட்டுப் பாருங்கள், திரும்பியிருக்கலாம். குழாய் சரியான இடத்தில் இல்லாவிட்டாலும் எண் குறைவாகவே வரும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரையும் கைவிடக் கூடாது. ஆனாலும் லூகாஸுக்கும் கேப்னோகிராஃபி உள்ள மானிட்டருக்கும் சேர்த்துப் பணம் இல்லை, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மானிட்டரை வாங்குங்கள் என்பதே இந்த விமர்சனத்தின் பரிந்துரை.

மறுபக்கம், நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வைக்கும் விதியும் உண்டு. விழுந்ததை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நேரில் பார்க்கவில்லை. ஷாக் கொடுக்கும்படி ஏஇடி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நாடி திரும்பவே இல்லை. மூன்றும் சேர்ந்தால் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2006-இல் கனடாவில் நிரூபித்தார்கள். இது அவர்களுடைய ஊரின் வேகத்திலும் பயிற்சியிலும் பிறந்த விதி. நம் ஊரில் இதை இஎம்டி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மரணத்தை உறுதி செய்வது டாக்டரின் வேலை. போனில் இருக்கும் டாக்டரிடம் மூன்று நேரங்களையும் ரிதத்தையும் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

இதயம் நிற்பதற்கு டெல்டாவுக்கென்று வேறு சில காரணங்கள் இருக்கின்றன. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் பெரும்பாலும் மாரடைப்பில் விழுந்தவர்களுடையவை, இந்தக் காரணங்களால் விழுந்தவர்களுக்குப் பொருந்தாது. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் நிற்பது மூச்சு, பிறகுதான் இதயம். விஷம் தசைகளை முடக்கிவிடுவதால் கண்பாவை விரிந்து அசையாமல் நிற்கும், கூப்பிட்டால் இமைகூட ஆடாது. பார்ப்பதற்கு இறந்தவர் போலவே இருப்பார். டார்ச் அடித்து 'முடிஞ்சிடுச்சு' என்று சொல்லிவிடாதீர்கள். ஆம்பு பேக்கில் மூச்சு கொடுத்துக்கொண்டே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சிமருந்து விஷத்திலும் அப்படித்தான்: மூச்சு, அட்ரோபின் என்ற மாற்று மருந்து, பொறுமை. அவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. மருந்து உங்களையும் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்து விழுந்தவருக்கு மெயினை அணைத்த பிறகே கை. பெரும்பாலும் விஎஃப்தான் இருக்கும், ஏஇடி முதலில் போக வேண்டிய இடம் அது. வயலில் இடி விழுந்து நான்கு பேர் சாய்ந்தால் அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள், முனகுபவர் தப்பித்துவிட்டார். இடி தாக்கியவரின் இதயம் தானாகவே திரும்பத் துடிப்பதுண்டு. மூச்சு மட்டும் வெகுநேரம் நின்றிருக்கும். அதைக் கொடுக்க ஆளில்லாததால்தான் இதயம் இரண்டாம் முறை நின்றுபோகும்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் புரளும் மாதங்களில் மூழ்கியவர்கள் வருவார்கள். வெளிநாட்டில் பனி ஏரியில் மூழ்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிழைத்த செய்திகளைப் படித்துவிட்டுக் காவிரியில் அதை எதிர்பார்க்கக் கூடாது. உறைநிலைக்கு அருகில் இருக்கும் தண்ணீர்தான் மூளையைக் காக்கிறது; நம் தண்ணீர் வெதுவெதுப்பானது. அரை மணிக்கு மேல் நீருக்கடியில் இருந்தவர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஐந்து நிமிடத்தில் தூக்கப்பட்டவருக்கு வாய்ப்பு நிறையவே இருக்கிறது, அங்கே முதல் வேலை மூச்சு. தோளில் தலைகீழாகப் போட்டு ஓடுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைத் தின்னும், வாந்தியை உள்ளே தள்ளும். மெஷினை எடுக்கப் போவதும் அந்த நேரத்தில் தவறே. இரண்டு முதல் ஐந்து மூச்சு கொடுத்து, கையால் அமுக்கத் தொடங்கி, அப்புறம்தான் மெஷின்.

இன்னொரு பழக்கத்தை இந்த மெஷின் வளர்த்துவிடும் என்ற பயம் இருக்கிறது. மாட்டியாயிற்று, இனி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று தோன்றும். வாசலில் நிற்பவர்களும், "தூக்கிட்டுப் போங்கண்ணே, இங்கயே வச்சு என்ன பண்றீங்க?" என்று கத்துவார்கள். 2020-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒத்த நிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது, விழுந்த இடத்திலேயே முயற்சியைத் தொடர்ந்தவர்களில் 8.5 சதவீதம் பேரும், நாடி திரும்பாமலேயே வண்டியில் ஏற்றப்பட்டவர்களில் 4 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். தூக்குவது, திருப்புவது, ஏற்றுவது, ஒவ்வொன்றிலும் அமுக்கு தடைபடுகிறது. சாதாரண மாரடைப்பென்றால் முதல் இருபது நிமிடத்தை இடத்திலேயே செலவிடுங்கள். வீட்டாரிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "அம்மா, ஆஸ்பத்திரியில முதல்ல செய்யறதத்தான் இங்க செய்யறோம். நகர்த்தினா இது நின்னுடும்."

வெயில் விஷயம். இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி வரை என்று தயாரிப்பாளர் சொல்கிறார். கத்திரி வெயிலில் கதவைச் சாத்தி நிறுத்திய வண்டிக்குள் அதைத் தாண்டும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், பேட்டரியை ஏசி அறையில் வையுங்கள், உதிரி ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். பேட்டரியின் ஆயுள் 3 முதல் 4 ஆண்டு. வாங்கும்போதே புதுப் பேட்டரியின் விலையையும் கிண்ணத்தின் விலையையும் எழுத்தில் கேளுங்கள். வண்டியின் மின்சாரத்திலிருந்து ஓட்டும் கேபிள் தனி உதிரி. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 100 கி.மீ., இரண்டு மணி நேரம் பிடிக்கும். கட்டுவிரியன் கேஸில் வழியில் இதயமும் நின்றுவிட்டால் அந்தக் கேபிள் இல்லாமல் போய்ச் சேர முடியாது.

5-க்கு 3½ கொடுக்கலாம். மாவட்டம் விட்டு மாவட்டம் நோயாளிகளை மாற்றும் ஆம்புலன்ஸுக்கும், கேத்லேப் உள்ள ஆஸ்பத்திரிக்கும் வாங்கலாம். ஏஇடியே இல்லாத நர்சிங் ஹோமுக்கு வேண்டாம். முதலில் ஏஇடி, அளவான மாஸ்க்குகள், ஆக்சிஜன், பயிற்சி பொம்மை. வாங்கியவர்கள் மாதம் ஒருமுறையாவது ஸ்டாப்வாட்ச் வைத்து மாட்டிப் பாருங்கள். மேசை மேல் வேண்டாம், தரையில், ஒரு பக்கம் சுவரை ஒட்டிய இடத்தில்.

டாக்டர் நிறுத்தச் சொன்னதும் முதலில் நிறுத்து பட்டன், பிறகு அணைக்கும் பட்டனை ஒரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் விரலை விட்டுக் காற்றை உள்ளே விட்டால் மெல்லக் கழன்று வரும், பிடுங்கக் கூடாது. நெஞ்சில் வட்டமாகச் சிவந்த தடம் இருக்கும், அதைச் சுற்றி நீங்கள் போட்ட பேனாக் கோடும் இருக்கும். கோட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சட்டைப் பட்டனைப் போட்டு, துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்ட பிறகு வீட்டாரை உள்ளே கூப்பிடுங்கள்.